கருப்புத் துணிக்குள் அப்பா

என் அப்பாவின் தலை அவளுடைய கருப்புத் துணிக்குள் இருந்தது. வெளியே தெரிந்தது முதுகு மட்டும்தான். உப்புப் பூத்துக் காய்ந்த பனியன், நாற்காலிக்கு இரண்டு பக்கமும் விரித்து வைத்த முழங்கால்கள். ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்திருந்தார், யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி. அந்தக் கரை அவருடையது. குளம் அவருடையது. உள்ளே நீந்தும் பால்கெண்டைகள் அவருடையவை. அவர் எதற்கு அங்கே பூட்ஸைக் கழற்ற வேண்டும்?

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இது என்னம்மா இது, ஓரத்துல மயிரு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு?"

யூசிங் வாய்விட்டுச் சிரித்தாள். "அதுதான் பெரியப்பா சூரியனோட தீ நாக்கு. நம்ம பூமிய ஒண்ணு மேல ஒண்ணா பத்து அடுக்கினாலும் அந்த உயரத்துக்கு எட்டாது."

"அடேயப்பா!"

என் அப்பாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. தாய்வான் கடற்கரையில் எங்கள் ஊர் புதாயில் முதன்முதலாக இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். எங்கள் வம்சத்தில் எதைப் படித்தாவது பட்டம் வாங்கியவளும் நான்தான். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று ஓடிப்போய்ச் சொன்னபோது, "சரி" என்றார். பிறகு மீன் தீனி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சரியை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டினேன். ஒரு அடேயப்பா அவருக்குள் இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அது யூசிங்குக்குக் கிடைத்தது.

எட்டு வருடமாக நாங்கள் இந்தக் கரைக்கு வருகிறோம். நாங்கள் என்றால் சூரியனைப் பார்க்கிற ஏழெட்டுப் பேர். இரவில் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் எங்களைப் 'பகல் ஆந்தைகள்' என்று கிண்டல் செய்வார்கள். சியாயி நகரத்தில் எவ்வளவோ மொட்டை மாடிகள் இருக்கின்றன, ஆனால் சிமெண்ட் தரை வெயில் பட்டதும் சூடாகி, மேலே உள்ள காற்றையும் கொதிக்க வைத்துவிடும். சூரியனின் விளிம்பு சூப்புக்குள் கிடக்கும் முட்டை மாதிரி நடுங்கும். சுற்றிலும் தண்ணீர் இருக்கிற இடத்தில், காலையில், காற்று அடங்கிக் கிடக்கும். அப்படி ஓர் இடம் தேடி அலைந்துகொண்டிருந்த லியாவ் அண்ணனிடம், "எங்கப்பா மீன் குளம் இருக்கு" என்று சொன்னது நான். லியாவ் அண்ணன் நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர் மாதிரி. அப்பாவிடம் கேட்டபோது, "காரை மட்டும் கரைக்குக் கீழ நிறுத்தச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

அந்த எட்டு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் என் தொலைநோக்கியில் கண் வைத்ததில்லை. எங்களைத் தாண்டித் தீனி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார், பாக்கை மென்று துப்புவார், போவார். ஒருமுறை லியாவ் அண்ணன் வற்புறுத்திக் கூப்பிட்டதற்கு, "சூரியன நான் தெனமும் முதுகுல தூக்கிக்கிட்டுத் திரியறேன், அத வேற பாக்கணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது அவருடைய இயல்பு என்று நினைத்திருந்தேன். இயல்பு என்றால் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா?

யூசிங் கூட்டத்தில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நகரத்தில் பெரிய பல் மருத்துவமனை அவளுடைய அப்பாவுடையது. இன்று காலை அவள் காரிலிருந்து இறக்கி வைத்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன், வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. ஹைட்ரஜன் ஒளியை மட்டும் உள்ளே விட்டு மற்றதையெல்லாம் தடுத்துவிடும் தொலைநோக்கி, தங்க நிறக் குழாய். சூரியனை அதுவே தேடிப் பிடித்து, நாள் முழுக்க விடாமல் பின்தொடரும் மோட்டார். உயரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும் நாற்காலி. வெளிச்சம் கண்ணில் படாமல் தலைமேல் போர்த்திக்கொள்ள, உள்பக்கம் கருப்பும் வெளிப்பக்கம் வெள்ளியுமாகத் தைத்த துணி. அதில் ஓரத்தில் ஒரு சின்னப் பூ வேறு பின்னியிருந்தது.

என்னுடையது, தைனானில் ஒரு வாத்தியார் வீட்டைக் காலி செய்தபோது வாங்கிய பழைய வெள்ளைக் குழாய். முன்பக்கம் வெள்ளித்தாள் போன்ற சூரிய ஃபில்டர், அதைப் பிடித்திருக்கிற வளையம் மூன்கேக் பலகாரப் பெட்டி அட்டையில் நான் வெட்டியது. மோட்டார் கிடையாது. இரண்டு திருகுகள் உண்டு, கையால் திருகிக்கொண்டே இருந்தால் சூரியன் பார்வைக்குள் இருக்கும், கையை எடுத்தால் இரண்டு நிமிடத்தில் ஓடிப்போகும். குறி பார்க்கிற சின்னக் குழாயை வாங்கிய அன்றே கழற்றி அலமாரியில் போட்டுவிட்டேன். சூரியனைப் பார்க்கிறவர்கள் முதலில் செய்கிற வேலை அது. மூடி போடாத சின்னக் குழாய் ஒரு கண்ணைப் பொசுக்கிவிடும். பிறகு எப்படிக் குறி பார்ப்பது? நிழலை வைத்துத்தான். குழாயின் நிழல் பின்னால் நீளமாக விழும். அது சுருங்கிச் சுருங்கி, குழாயின் வாயளவுக்கு ஒரு வட்டமாக ஆகிற இடத்தில் சூரியன் உள்ளே இருக்கும். கூட்டத்தில் சேர்கிற புதியவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவள் நான்தான்.

யூசிங் வந்ததும் என் வளையத்தைப் பார்த்தாள். "அக்கா, இது மூன்கேக் பெட்டியா? ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்று அதைப் போனில் படம் எடுத்தாள். அவள் கேலி செய்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அவள் நிஜமாகவே அழகு என்றுதான் நினைத்தாள். அதை என்ன செய்வது?

அடுத்து, குளத்தில் சுற்றிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சக்கரத்தைக் காட்டினாள். மீன்களுக்குக் காற்று கலந்துவிடுவதற்காக அது தண்ணீரை அடித்துத் தெறிக்கவிட்டுக்கொண்டே இருக்கும். துளிகள் காற்றில் மிதந்து வந்து கண்ணாடியில் உப்பாகப் படியும். எட்டு வருடமாக நான் அந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். சக்கரம் நின்றால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும் என்று தெரிந்த வீட்டில் பிறந்தவள் நான், நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் நேராக அப்பாவிடம் போனாள். எங்கள் வீட்டுத் தாய்வான் பேச்சு அவளுக்கு அரைகுறை, சீன மொழிதான் அவளுக்கு வரும். தட்டுத்தடுமாறி, "பெரியப்பா, அந்தச் சக்கரம் கொஞ்சம் தூங்க முடியுமா?" என்று கேட்டாள்.

அப்பா சிரித்தார். "தூங்கறது இல்லம்மா. நிறுத்தறதுன்னு சொல்லணும். எங்க சொல்லு?"

"நிறுத்தறது."

"ஆங், அப்படி."

போய் நிறுத்திவிட்டு வந்தார். "வெயில் ஏறிடுச்சு, மீனு கொஞ்ச நேரம் தாங்கும்" என்று யாரும் கேட்காமலே விளக்கமும் சொன்னார். பெரியப்பா! லியாவ் அண்ணனே எட்டு வருடமாக அவரை 'வெங் ஐயா' என்றுதான் கூப்பிடுகிறார். அவள் நாற்காலியின் உயரத்தை இறக்கி, "உக்காருங்க பெரியப்பா, மொத ஆள் நீங்கதான்" என்றாள். அப்பா தன் கைகளை பேண்டில் இரண்டு தடவை துடைத்தார். உட்கார்ந்தார். அவள் துணியை எடுத்து அவர் தலைமேல் போட்டாள்.

எனக்குப் பொறாமை. இதற்கு நாகரிகமாக வேறு பெயர் இருக்கலாம், படித்தவர்கள் தங்களுக்கு வருகிறதற்கெல்லாம் ஒரு நல்ல பெயர் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். எனக்கு இதுதான் பெயர். தொலைநோக்கிக்காகத்தான் என்று முதலில் நினைத்தேன். அந்தத் தங்கக் குழாய் என்னிடம் இருந்தால் நான் என்னவெல்லாம் செய்வேன், இவளுக்கு அதை ஒழுங்காகத் திருகி நிறம் கூட்டக்கூடத் தெரியவில்லை என்றெல்லாம். ஆனால் கண் குழாயில் நிற்கவில்லை. அந்த ஜோடி பூட்ஸிலேயே நின்றது.

அப்பா துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். வலது கண்ணைச் சுற்றி வளையமாகத் தடம் பதிந்திருந்தது. கரையின் கீழே கொட்டகையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினார். "ஏய், மேல வா! செவப்பா இருக்கு, நெருப்புப் புடிச்ச கோழிக்குஞ்சு மாதிரி மயிரெல்லாம் சிலுத்துக்கிட்டு!"

"சிப்பி அழுகிப்போகும். நீயே பாரு" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஆ-லின், நீ பாத்தியா இத?"

எட்டு வருடம் சூரியனைப் பார்த்தவளைப் பார்த்துக் கேட்டார். யூசிங் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "வாங்கக்கா, நீங்க பாத்துச் சொல்லணும். நான் சரியா வெச்சிருக்கேனான்னே தெரியல."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அது இன்னும் சூடாக இருந்தது, அப்பாவின் சூடு. துணிக்குள் அவளுடைய வாசனைத் திரவியமும் அப்பாவின் பாக்கு வாசனையும் கலந்து கிடந்தன. பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், அழகுதான். ரத்தச் சிவப்பில் ஒரு உருண்டை. என் வெள்ளித்தாள் வழியே எட்டு வருடமாக நான் பார்த்துவருகிற வெள்ளைத் தட்டு இல்லை இது. மேலெல்லாம் பூனை ரோமம் மாதிரி படிந்து சுழிந்து, விளிம்பில் ஒரு நெருப்பு வளைவு எழுந்து நின்றது. லேசாகத் திருகை நகர்த்தினேன், வளைவு இன்னும் கூர்மையாகியது. "இப்ப பாரு" என்று எழுந்தேன். அவள் பார்த்துவிட்டு, "ஐயோ, அக்கா!" என்று குதித்தாள். பிறகு அப்பாவை மறுபடியும் கூப்பிட்டாள். நான் சரிசெய்து கொடுத்த சூரியனைத் தன்னுடையது என்று அவருக்குக் காட்டினாள்.

"எங்கப்பா இதையெல்லாம் பாக்கவே மாட்டாருக்கா" என்றாள் என்னிடம், அப்பா துணிக்குள் இருக்கும்போது. "கேட்டா வாங்கிக் குடுத்துடுவாரு. வந்து பாருங்கன்னா, நேரமில்லம்பாரு."

அதைக் கேட்டு நான் உருக வேண்டுமா? உன் அப்பாவுக்கு நேரமில்லை என்றால் என் அப்பாவை எடுத்துக்கொள்வாயா? என் குழாய்க்குத் திரும்பினேன்.

நிழலைச் சுருக்கி, சூரியனை உள்ளே கொண்டுவந்து, கண் வைத்தேன். நடுவில் வழக்கமான ஒரு கரும்புள்ளிக் கூட்டம், நேற்று நான் தனியாகப் பார்த்ததுதான். அப்போது இடது விளிம்புக்குப் பக்கத்தில், நேற்று இல்லாத இடத்தில், ஒரு புள்ளி. கருப்பு. கூர்மை. தனியாக. புதிதாக ஒரு புள்ளி விளிம்பைத் தாண்டி இந்தப் பக்கம் திரும்பி வந்திருக்கிறது. இதை அவளுடைய தங்கக் குழாய் காட்டவில்லை. அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"புதுப் புள்ளி!" என்று கத்தினேன். "கிழக்கு ஓரத்துல! பெருசு!"

எல்லோரும் வந்தார்கள். லியாவ் அண்ணன் கண் வைத்தார். "ஆமாண்டி! என்ன கூர்மை! ஆ-லின் கண்ணு ஆ-லின் கண்ணுதான்." அடுத்தவர் பார்த்தார், அடுத்தவர் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் இடையில் நான் திருகைத் திருகி, சூரியனைச் சரியாகப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தேன். அப்பா துணியை விலக்கிவிட்டு இந்தப் பக்கம் பார்ப்பது தெரிந்தது. பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகப் பேசினேன். "இது இன்னிக்குக் காலைலதான் திரும்பியிருக்கும். நம்மதான் மொதல்ல பாத்தோம்னு நெனைக்கிறேன்."

யூசிங் தன் குழாயில் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "எனக்கு அந்த எடத்துல ஒண்ணும் தெரியலையேக்கா. உங்களதுல பாக்கட்டுமா?"

"தாராளமா."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு, ரொம்ப மெதுவாக, "அக்கா, திருகுல இருந்து கைய எடுத்துட்டுக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றாள்.

அது என் வசனம். கூட்டத்தில் சேர்கிற ஒவ்வொருவருக்கும் முதல் வாரமே நான் சொல்வது. புதிதாக எதையாவது பார்த்தால் குதிக்காதே, கையை எடு, சூரியன் நகரட்டும். புள்ளி சூரியனோடு சேர்ந்து போனால் அது சூரியனுடையது, நின்ற இடத்திலேயே நின்றால் அது உன் கண்ணாடியில் இருக்கிற தூசி. லியாவ் அண்ணன் இதற்கு 'ஆ-லின் சோதனை' என்று பெயரே வைத்திருந்தார். அதை அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், இரண்டு மாதத்துக்கு முன்னால், இதே கரையில்.

கையை எடுத்தேன். அவள் நகர்ந்து எனக்கு இடம்விட்டாள். நான் பார்த்தேன். வெள்ளைத் தட்டு மெல்ல நகர்ந்தது. நடுவிலிருந்த பழைய புள்ளிகள் அதோடு போயின. என் புதுப் புள்ளி நின்றது. விளிம்பு அதைத் தாண்டிப் போனதும், இருட்டுக்குள் கரைந்து காணாமல் போனது.

"என்னாச்சு?" என்றார் லியாவ் அண்ணன். யூசிங் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். லியாவ் அண்ணன் கண் வைத்துப் பார்த்து, புரிந்துகொண்டு, கைகொட்டிச் சிரித்தார். "அடிப்பாவி! ஆ-லின் சோதனைல ஆ-லினே ஃபெயிலு! எழுதி வைங்கப்பா, இன்னிக்கு எல்லாருக்கும் கஞ்சி இவ செலவு." எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. எங்களில் எவர் வழுக்கினாலும் அப்படித்தான் சிரிப்போம். நான் கண்வில்லையைக் கழற்றி முகர்ந்தேன். மீன் தீனி நாற்றம். அப்பாவின் வண்டியிலிருந்து பறந்து வந்த தூள் ஒன்று உள்ளே ஒட்டியிருந்தது. ஊதினேன், போகவில்லை. அப்படியே திரும்ப மாட்டினேன். யாருக்கு இனி பார்க்க வேண்டியிருக்கிறது?

அப்பா சக்கரத்தை ஓடவிடப் போனார். தண்ணீர் அடிக்கும் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது. திரும்பி வரும்போது பூட்ஸைப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைத் தாண்டிப் போவார் என்று நினைத்தேன். நின்றார்.

"என்ன தப்பாப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. தூசி."

"காட்டு."

"அங்க போயிப் பாரு. அங்கதான் எல்லாம் செவப்பா, நல்லாத் தெரியும்."

"அது பாத்தாச்சு. இதக் காட்டு."

"எட்டு வருஷமா இங்கதான நின்னுக்கிட்டிருக்கு? இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

சத்தமாகத்தான் சொன்னேன். லியாவ் அண்ணன் தன் குழாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அப்பா பாக்கை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"நீ என்னிக்குக் கூப்பிட்ட?"

"பாக்கணும்னா வந்து பாருன்னு சொன்னேனே!"

"அது கூப்பிடறதா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, தராசில் மீன் எடை சொல்கிற மாதிரி. "அந்தப் பொண்ணு கூப்பிட்டுச்சு."

எனக்கு வாயில் வார்த்தை வந்தது, நல்லதாக இல்லை. அதற்குள் யூசிங் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "இதுல உக்காருங்க பெரியப்பா, முட்டி வலிக்கும்." "வேண்டாம்" என்றேன், அவள் முகத்தில் அடித்த மாதிரி. கரையோரம் கிடந்த பிளாஸ்டிக் மீன் கூடையை இழுத்து வந்து கவிழ்த்துப் போட்டேன். குழாயைத் தாங்கும் முக்காலி என் உயரத்துக்கு நிற்பது. அதன் மூன்று கால்களையும் இறக்கினேன், ஒன்று சிக்கிக்கொண்டது, உதைத்தேன். நிழலைச் சுருக்கி, சூரியனை இழுத்து வந்து வைத்தேன். "ம்" என்றேன்.

அப்பா கூடையில் உட்கார்ந்தார். கையைத் துடைக்கவில்லை. தலைக்குத் துணி இல்லை, இடது கையைப் புருவத்தின் மேல் குவித்துக்கொண்டார். நான் திருகைப் பிடிக்கவில்லை. பிடித்து என்ன?

"வெள்ளையா இருக்கு" என்றார்.

"ஆமா. வெள்ளையாத்தான் இருக்கும்."

"நடுவுல கருப்பாப் பொட்டுப் பொட்டா."

"ஆமா."

"ஓரத்துல ஒண்ணு தனியா."

"அதான் தூசி. உன் தீனி."

திடீரென்று அவர் முதுகு விறைத்தது. "ஏ புள்ள. ஓடுது."

"ஓடும். மோட்டார் இல்ல."

"இல்ல, ஓடுது! என் தீனி நிக்குது, அது பாட்டுக்கு அதத் தாண்டி ஓடுது பாரு." அவர் குரல் ஒரு சிறுபையனுடையது மாதிரி ஆகிவிட்டது. "அந்தப் பொண்ணோட கொழாயில அசையாம நின்னுச்சு, காலண்டர் படம் மாதிரி. இது நெசமாவே போவுதே."

"அது போகலப்பா. பூமிதான் சுத்துது. நாமதான் போறோம்."

"நாமளா? இந்தக் கரையா?"

"கரை, குளம், சக்கரம், எல்லாம்."

நான் கை நீட்டித் திருகைத் தொட்டேன். "புடிக்காத" என்றார். "போவட்டும்." விட்டேன். கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். இப்போது பாதி போயிருக்கும். இப்போது ஒரு நகக்கீற்று. இப்போது ஒன்றும் இருக்காது, ஃபில்டர் மாட்டிய குழாய்க்குள் சூரியன் இல்லாவிட்டால் முழு இருட்டுதான்.

"போயிடுச்சாப்பா?"

"போயிடுச்சு."

தலையைத் தூக்கவில்லை. வலையை இறக்கிவிட்டு மீனுக்குக் காத்திருக்கிறபோது அவர் உட்காரும் அதே உட்காரல். "திருப்பிக் கொண்டா" என்றார்.

குழாயின் பின்னால் தரையைப் பார்த்தேன். கரைச் சரிவில் கோரைப்புல், அப்பாவின் தலை நிழல், கூடையின் நிழல், எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. குழாயின் நிழல் எதுவென்று பிரித்தறிய முடியவில்லை. எழுந்திருப்பா, ஒரு நிமிஷம் என்று சொல்லலாம். எழுந்தால் மறுபடி உட்காருவாரா என்று எனக்குத் தெரியாது.

யூசிங் எதையோ எடுக்கக் கீழே ஓடினாள். அம்மாவின் கொட்டகையிலிருந்து சிப்பிப் பெட்டியின் தெர்மக்கோல் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரும் கேட்கவில்லை. கோரைப்புல்லில், போட்டிருந்த வெள்ளை பேண்டோடு, முட்டி போட்டாள். மூடியைக் குழாயின் பின்னால், அப்பாவின் தோளை ஒட்டி, இரண்டு கையாலும் பிடித்தாள். சிப்பித் தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஒழுகியது. குழாயின் நிழல் மூடியின் மேல் விழுந்தது, நீளமாக, கோணலாக.

அவளைப் போகச் சொல்ல வேண்டும் என்றுதான் அப்போதும் இருந்தது. நகத்தில் வெளிர்நீலம் பூசியிருந்தாள். அந்த விரல்கள் அப்பாவின் பனியனிலிருந்து இரண்டு அங்குல தூரத்தில் இருந்தன.

"இன்னும் மேல பிடி" என்றேன்.

பிடித்தாள். அப்பா இருட்டுக்குள் கண்ணை வைத்தபடி அசையாமல் இருந்தார். நான் திருகைத் திருகினேன். வெள்ளை மூடியின் மேல் நிழல் ஒரு பக்கம் சுருங்கியது, மறுபக்கம் கொஞ்சம் நீண்டது, பிறகு அதுவும் வட்டத்தை நோக்கிச் சுருங்க ஆரம்பித்தது.